ஏழு திரைக்கு வெளியே

தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபையில் ஆறு முறை திரை விலகும். காலை 6 மணி, 10 மணி, பகல் 1 மணி, இரவு 7 மணி, 10 மணி, மறுநாள் விடியற்காலை 5.30 மணி. ஒவ்வொரு முறையும் ஜோதி கண்ணில் படுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக முந்தின நாளே வந்து, பெருவெளியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பவர்கள் ஏராளம். மணி ஒலிக்கிறது, கருப்புத் திரை விலகுகிறது, ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் விலகுகின்றன, ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் எழுகின்றன. அது முடிந்ததும் பாதிக் கூட்டம் பேருந்து பிடிக்கக் கிளம்பிவிடுகிறது.

போகிற வழியில் வளையல் கடை, பொரிகடலைக் கடை, ராட்டினம் எல்லாவற்றிலும் நின்று பார்க்கிறார்கள். இந்தச் சபையை நிறுவிய வள்ளலார் இந்த இடத்தில் யோசித்து யோசித்து வைத்துவிட்டுப் போனவற்றில் பெரும்பாலானவை மட்டும் பார்வையில் படாமலேயே போய்விடுகின்றன.

உலகமெங்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கென்று ஒரு தனி ரசிகர் கூட்டம் உண்டு. ராட்டினத்தில் சுற்றுவதைவிட, அந்த இடத்தை உருவாக்கியவர் மூலை முடுக்கில் வைத்துவிட்டுப் போன நுட்பங்களைத் தேடிப் பிடிப்பதில்தான் அவர்களுக்கு ஆர்வம். அமெரிக்காவின் அனாஹெய்ம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டின் முதல் தெருவில் ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அதன் மாடியில் வால்ட் டிஸ்னி தங்கிய சிறு வீடு. அவர் நினைவாக அந்த வீட்டு ஜன்னலில் ஒரு விளக்கு இன்றும் எரிகிறது. அதே தெருவின் மாடி ஜன்னல்களில் கடைப் பெயர்ப்பலகை போல எழுதியிருக்கும் பெயர்கள் உண்மையில் அந்தப் பூங்காவைக் கட்ட உழைத்தவர்களுடையவை. தலை நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் செய்தி அது.

வடலூர் கேளிக்கைக்கான இடமல்ல. ஆனால் ஒரே மனிதர் மனத்தில் கண்ட ஒன்றை மண்ணில் அளந்து, சுவராகவும் திரையாகவும் சங்கிலியாகவும் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வைத்த இடம் என்று பார்த்தால், டிஸ்னிலாண்டுக்கு 83 ஆண்டுகள் முன்பே அப்படி ஒன்று தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் எழுந்துவிட்டது. தேடிப் பார்க்கும் கண் அங்கே இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் சங்கிலி. ஞான சபையைச் சுற்றி இரும்புச் சங்கிலியால் ஒரு வேலி. கூட்ட நாள்களில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களே அதிகம். குழந்தைகள் ஆட்டிப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் கைப்பையை மாட்டுகிறார்கள். அந்தச் சங்கிலியின் கண்ணிகள் 21,600 என்பது வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்க மரபு சொல்லும் கணக்கு. ஒரு மனிதன் நிமிடத்துக்கு 15 மூச்சு விடுகிறான் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 900. ஒரு நாளைக்கு 21,600. ஆக, சபைக்கு முன்னால் கிடப்பது ஒரு நாளின் மூச்சு முழுவதும். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

இந்த எண் வள்ளலாருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் தெற்கே சிதம்பரத்தில் போய் நிற்கும். நடராசர் கோயிலின் பொன்னம்பலக் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றில் அறைந்த ஆணிகள் உடம்பின் நாடிகளைக் குறிக்கும் 72,000 என்றும் அங்கே சொல்வார்கள். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த இராமலிங்கரே வள்ளலார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அவரைத் தில்லை என்னும் சிதம்பரத்துக்குத் தூக்கிச் சென்றதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். வளர்ந்து பெரியவரான பிறகும் அவர் பாட்டில் தில்லை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. வடலூருக்கு அவர் சூட்டிய பெயரே உத்தர ஞான சிதம்பரம். வடக்கே ஒரு சிதம்பரம்.

அங்கே எட்டாத உயரத்தில் பொன்னாகக் கூரை மேல் இருந்த எண்ணை, இவர் இரும்பாக்கிக் கைக்கெட்டும் உயரத்தில் இறக்கி வைத்தார். யார் வேண்டுமானாலும் தொட்டு எண்ணலாம். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்தடுத்துப் பார்க்கப் பார்க்க, சிதம்பரத்தை வரிவரியாகப் படித்துவிட்டு அதற்கு எதிரே அவர் தன் பதிலை எழுதிக்கொண்டே போனது தெரிகிறது.

தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்குப் பார்த்தவை. ஞான சபை தெற்குப் பார்த்தது. தில்லையில் ஆடும் நடராசரும் தெற்கு நோக்கித்தான் நிற்கிறார். தில்லையில் சிற்சபை உண்டு, பொற்சபை உண்டு. வடலூரிலும் கிழக்கே பொற்சபை, மேற்கே சிற்சபை என்று இரண்டும் உண்டு. தில்லையின் ரகசியம் ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிறது. திரை விலகினால் அங்கே உருவம் எதுவும் இல்லை, வெறும் வெளியும் பொன் வில்வ மாலையும்தான். வடலூரிலும் திரை உண்டு. ஒன்றுக்கு ஏழாக. ஏழும் விலகினால் அங்கும் உருவம் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலான கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு விளக்கு.

திரைகளின் நிறமும் வரிசையும் ஊரில் பலருக்கும் பாதிதான் நினைவிருக்கிறது. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாக எல்லா நிறமும் கலந்த கலப்புத் திரை. கருப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, பச்சை பராசக்தி, சிவப்பு இச்சா சக்தி, பொன் ஞான சக்தி, வெள்ளை ஆதி சக்தி, கலப்பு சிற்சக்தி. இதில் கவனிக்க வேண்டியது ஏழாவது திரை. கருப்பில் தொடங்கி வெள்ளையில் முடிந்திருந்தால் அது எவரும் எதிர்பார்க்கும் வரிசை. இவரோ வெள்ளைக்குப் பிறகும் ஒரு திரை வைத்தார். தூய்மை என்று நாம் நினைக்கிற வெள்ளையும் ஒரு மறைப்புதான் என்ற எண்ணம் அந்தத் துணியில் இருக்கிறது. ஏழு திரையும் முழுதாக விலகுவது தைப்பூசத்தில்தான். மாதாமாதம் வரும் பூச நட்சத்திரத்தில் ஆறு திரைகளை நீக்கித்தான் ஜோதி காட்டுகிறார்கள். மாதப் பூசத்துக்கு வந்துவிட்டு முழு ஜோதி பார்த்தேன் என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறவர்கள், ஒரு திரையின் வழியே பார்த்தவர்கள்.

ஞான சபையின் எண்கோணக் கட்டடம் எழும்பப் பிடித்த காலம் ஆறு மாதத்துக்குச் சற்று மேல். 1871 நடுவில் தொடங்கிய வேலை முடிந்து, 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி வழிபாடு நடந்தது. அதே ஆண்டு ஜூலை 18 அன்று சபையில் வழிபாடு எப்படி நடக்க வேண்டும் என்று வள்ளலார் ஒரு விதி எழுதினார். படிக்கப் படிக்க வியப்பூட்டும் ஆவணம் அது. பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம் என்கிறார். மேலே தொங்கவிடும் குளோப் விளக்கும் வேண்டாம் என்கிறார். தகரக் கண்ணாடி விளக்கு போதுமாம்! அன்று சாதாரண வீட்டுத் திண்ணையிலும் இருந்த விளக்கு அது. இத்தனை தத்துவம் சுமந்த கட்டடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஏழை வீட்டு விளக்கை.

அந்த விளக்கை உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டியவர் யார்? அர்ச்சகர் அல்ல. குருக்கள் அல்ல. 12 வயதுக்கு உட்பட்ட ஒரு சிறுவன், அல்லது 72 வயதைத் தாண்டிய ஒரு முதியவர். மற்றவர்கள் வாசற்படிக்கு வெளியே நின்று விளக்கை ஏற்றி அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒரு முறை உள்ளே தூசு துடைக்கச் சொல்கிறார். அதுவும் அவர்களைக் கொண்டுதான். குளித்துவிட்டு, கால்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முழங்காலிட்டபடி துடைக்க வேண்டும். பிறப்பாலோ பட்டத்தாலோ கோயிலுக்குள் இடம் பிடிப்பதற்கு ஒரு வழியும் விடாமல், ஆசை முளைக்காத வயதையும் ஆசை அடங்கிய வயதையும் மட்டும் தகுதியாக வைத்துவிட்டார். திறவுகோல் எங்கே இருக்க வேண்டும், யாருக்குச் சொந்தமாகிவிடக் கூடாது என்பது வரை அந்த விதியில் எழுதியிருக்கிறது.

விதி ஏட்டிலேயே தூங்கிக் கிடந்த காலமும் உண்டு. இடைக்காலத்தில் சபைக்குள் லிங்க வழிபாடு நுழைந்தது. அது வள்ளலார் வகுத்த முறைக்கு மாறானது என்று அன்பர்கள் முறையிட, இந்து சமய அறநிலையத் துறை 2006-ல் அவர்கள் பக்கம் முடிவு சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் 2010-ல் அந்த முடிவை உறுதி செய்தது. நூற்றாண்டைக் கடந்த ஒரு தாள் வழக்கில் சாட்சியாக நின்று வென்றது. இந்தக் கதை தெரிந்த பிறகு சபை வாசலில் நின்று பார்த்தால், அங்கே கற்பூரத் தட்டும் அர்ச்சனைச் சீட்டும் இல்லாதது வேறு மாதிரி கண்ணில் படும்.

தைப்பூச விடியலில் காலை 6 மணி ஜோதிக்கு நிற்பவர்கள் ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். பௌர்ணமியில் சூரியன் கிழக்கே எழும் நேரமும் நிலா மேற்கே இறங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. பொற்சபைப் பக்கம் சூரியன், சிற்சபைப் பக்கம் நிலா, நடுவில் திரை விலகிய ஜோதி. சன்மார்க்கத்தார் மூன்று ஒளியும் சேரும் நேரம் என்று இதைச் சிலாகித்துச் சொல்வார்கள். வானமும் பங்கெடுக்கும்படி ஒரு கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார் மனிதர். மேகம் மறைக்காத ஆண்டுகளில், கைபேசியை உயர்த்திப் படம் எடுப்பதில் முனைந்திருக்கும் கூட்டம் பக்கவாட்டில் இருக்கும் நிலாவைப் பார்ப்பதே இல்லை.

சபைக்குள் நுழையும் இடத்தில் ஓர் அறிவிப்பு. உயிர்க்கொலையும் புலால் உணவும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்பது அதன் சாரம். மற்றவர்கள் வெளியே நின்று வழிபடலாம். சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, கறாரான நிபந்தனை.

இப்போது அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து, பசித்தவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலைக்குப் போக வேண்டும். அங்கே எந்த நிபந்தனையும் இல்லை.

வடலூரில் மிகவும் கவனிக்கப்படாமல் போகும் நுட்பம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டு வாசல், ஒன்றில் கட்டுப்பாடு, மற்றொன்றில் கேள்வியே கிடையாது. பசித்தவனிடம் எந்த ஊர், என்ன சாதி, என்ன சமயம், எப்படிப்பட்ட நடத்தை என்று விசாரிக்கக் கூடாது என்பதை வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். புலால் உண்பவனுக்கும் பசி என்றால் சோறு போட்டாக வேண்டும். அந்த நூலின் முதற்பகுதி தருமச்சாலை தொடங்கிய நாளில்தான் வாசிக்கப்பட்டது. சாலை தொடங்கியது 1867 மே 23, வியாழக்கிழமை. ஞான சபை எழுந்தது அதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து. அடுப்பு முதலில், ஜோதி பிறகு. அவர் கட்டிய வரிசை இது. வருகிறவர்கள் நேர்மாறாகப் போகிறார்கள். ஜோதியைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் சாப்பாட்டுக்கு.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். தரையில் வெட்டிய வாய்க்கால் போல நீண்டு கிடக்கும் அதன்மேல் அண்டாக்கள் வரிசையாக ஏறும். விறகு ஒரு முனையில் கனன்றுகொண்டிருக்கும்போது மறு முனையில் புது விறகு செருகுகிறார்கள். சமையல் முடிந்த பிறகும் தணலை அவியவிடுவதில்லை. இரவு கடைசிப் பந்தி எழுந்த பிறகும் காலைக் கஞ்சிக்கான நெருப்பு அந்தச் சாம்பலுக்குள் காத்திருக்கும். 1867-ல் மூட்டிய தீ அணையவே இல்லை என்பதால் அதற்கு அணையா அடுப்பு என்று பெயர். அருகில் போனால் முகத்தில் அடிக்கும் அனலும், புகை ஏறிக் கறுத்த சுவரும், வெந்த அரிசியின் வாசனையும் சேர்ந்து, ஏழு திரைகளுக்குப் பின்னால் எரியும் ஜோதியைவிட நெருக்கமாக ஒரு தீ அங்கே இருப்பது தெரியும்.

அது மூட்டப்பட்ட காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1866-ல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் பஞ்சம் வாட்டியது. மறு ஆண்டு இந்த அடுப்பு எரிந்தது. 1876-ல் தொடங்கி 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபோது வள்ளலார் இல்லை; அவர் மூட்டிய தீ இருந்தது. அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போகிறவர்கள் இன்றும் உண்டு. காய்கறி நறுக்கவும் பரிமாறவும் சன்மார்க்க அன்பர்கள் வெளியூர்களிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறார்கள். ஒருவரையொருவர் வந்தனம் சொல்லி வணங்கிக்கொள்கிறார்கள்; வயது வித்தியாசம் பாராமல் எல்லாரும் ஐயா, எல்லாரும் அம்மா. சாப்பிட வருகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரர் ஒருவரை, நாள் முழுக்க அவரை யாரும் அழைக்காத ஒரு சொல்லால் அங்கே அழைக்கிறார்கள்.

மேற்கே பார்த்தால் நெய்வேலியின் புகைபோக்கிகள். அங்கேயும் ஒரு நெருப்புக் கதை இருக்கிறது. 1956-ல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் முதல் அனல்மின் நிலையத்தில் 1962-ல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எரித்து 600 மெகாவாட் வரை கொடுத்த அந்த நிலையம், வயதாகிவிட்டதென்று 2020-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்து வந்த நிலையங்கள் இன்று ஓடுகின்றன. ஒரு நாட்டின் பெருந்தொழில் திட்டம் மூட்டிய தீக்கு ஐம்பத்தெட்டு ஆண்டு ஆயுள். பக்கத்து ஊரில், மானியமும் ஒப்பந்தமும் இல்லாமல் ஊர்க்காரர்கள் விறகு கொடுத்து மூட்டிய தீ, ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி எரிகிறது.

தருமச்சாலையை ஒட்டி ஒரு சமாதி. பலரும் வள்ளலாருடையது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அது அவருடைய மாணவர் கல்பட்டு ஐயாவுடையது. வள்ளலாருக்குச் சமாதி கிடையாது. இறந்தவரை எரிக்காமல் புதைக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. மாணவரின் அடக்கம் அந்தக் கொள்கைப்படி நடந்தது.

கடைகளில் தொங்கும் படங்களும் ஒரு நுட்பம்தான். வெள்ளைத் துணியால் தலையை மூடி, கைகளைக் கட்டியபடி நிற்கும் அந்த உருவம் புகைப்படத்திலிருந்து வரைந்ததல்ல. சென்னையிலிருந்து வந்த ஒரு புகைப்படக்காரர் எட்டு முறை முயன்றும் ஆடை மட்டுமே பதிவானதாக மரபுக் கதை. பண்ருட்டியைச் சேர்ந்த குயவர் ஒருவர் மண்ணில் உருவம் செய்து கொண்டுவந்தபோது வள்ளலார் அதைக் கையிலிருந்து நழுவவிட்டு உடைத்தார் என்பது இன்னொரு கதை. கதைகள் எப்படியானாலும், அவர் உருவத்தைப் பற்றி நேரில் பழகியவர் தந்த சாட்சியம் ஒன்று இருக்கிறது. அவருடைய மாணவரும் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதருமான தொழுவூர் வேலாயுத முதலியார் 1882-ல் பிரம்மஞான சபைக்குக் கொடுத்த வாக்குமூலம் அது. நடுத்தர உயரம், மெலிந்த உடம்பு, நேரான மூக்கு, பெரிய கண்கள், வெள்ளை ஆடை இரண்டு, காலில் ஜோடு. படம் வாங்குகிறவர்கள் அடுத்த முறை காலையும் சேர்த்துப் பார்த்து வாங்கலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள். வடலூரின் மிகப் பெரிய நுட்பம் எதுவும் இல்லாத இடம்.

வடலூர்ப் பார்வதிபுரத்து மக்கள் 1867-ல் தங்கள் நிலத்தை மனமுவந்து கொடுத்தார்கள். 80 காணி என்பது அன்றைய கணக்கு. ஏறக்குறைய 106 ஏக்கர். அந்த விரிவில் வள்ளலார் கட்டியவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். மிச்சத்தைத் திறந்தே விட்டார். பெருவெளி என்று பெயர். கோயில் கட்டினால் மதில் எழுப்பி, பிராகாரம் சுற்றி, மண்டபம் மண்டபமாக நிறைப்பதுதான் நம் ஊர் வழக்கம். இடம் இருந்தும் நிறைக்காமல் விட்டவர் இவர். வெளி என்பதைத் தெய்வத்தின் நிலையாகவே பாடியவர், தன் சபையைச் சுற்றி அதை நிலமாகவே விரித்துவைத்தார் என்று சன்மார்க்கத்தார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தைப்பூசக் கூட்டம் எந்தத் திசையிலும் நெரிபடாமல் நிற்க இடம் கொடுப்பதும் அதே வெளிதான்.

அந்த வெளியில்தான் தமிழக அரசு சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. வள்ளலார் பிறந்த 200-ஆவது ஆண்டை ஆண்டு முழுவதும் அன்னதானத்தோடு கொண்டாடி, அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்த அரசு அது. அதன் நோக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளம் தோண்டத் தொடங்கியதும் பார்வதிபுரத்து மக்களே திரண்டு வந்து பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். மையம் வரட்டும், வேறு இடத்தில் வரட்டும், முன்னோர் கொடுத்த வெளி வெளியாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. காலியாகக் கிடக்கிறதே என்று ஒருவர் கண்ணுக்குத் தோன்றும் நிலம், இன்னொருவருக்கு அந்த இடத்தின் உயிர்நாடியாக இருக்க முடியும். நிலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது புரிந்திருந்தது. இந்த வழக்கில் அவர்கள் பக்கம்தான் வள்ளலாரின் வரைபடம் நிற்கிறது.

வடலூரோடு திரும்பிவிடுகிறவர்கள் இழக்கும் இடங்கள் இன்னும் இரண்டு. ஒன்று கருங்குழி. சென்னையை விட்டு வந்தபின் வள்ளலார் ஒன்பது ஆண்டுகள் போலத் தங்கியிருந்த மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீடு அங்கே இருக்கிறது. எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரில் விளக்கு எரிந்தது என்று சொல்லப்படும் இடம் அதுதான். அவர் பாடிய அருட்பாவின் எத்தனையோ பாடல்கள் அந்தச் சின்ன வீட்டில் எழுதப்பட்டவை.

மற்றொன்று மேட்டுக்குப்பம். வடலூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போல. 1870-லிருந்து அவர் தங்கிய சித்திவளாகத் திருமாளிகை அங்கே இருக்கிறது. அதுவும் முதலில் அவருக்காகக் கட்டிய வீடல்ல. வைணவ அடியார்கள் விழாக் காலத்தில் தங்கிச் செல்ல இருந்த கட்டடம். சைவக் குடும்பத்தில் பிறந்து, சமயங்களைக் கடந்துவிட்டதாகச் சொன்ன ஒருவர் கடைசியாக வந்து சேர்ந்தது வைணவர்களின் விடுதிக்கு.

1873 அக்டோபர் 22 அன்று அங்கே ஒரு கொடி ஏற்றினார். அந்த நாளில் அவர் பேசியதுதான் பேருபதேசம். கீழே வெள்ளை, மேலே மஞ்சள் என்று இரண்டே நிறம். சன்மார்க்கக் கொடி இன்று தமிழகமெங்கும் பறக்கிறது. ஏன் அந்த நிறம் என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அவரே சொன்ன விளக்கம் உடற்கூறு சார்ந்தது. தொப்புளிலிருந்து புருவ நடு வரை ஒரு நாடி போகிறது; அதன் நுனியில் ஒரு ஜவ்வு தொங்குகிறது; அதன் அடிப்புறம் வெள்ளை, மேற்புறம் மஞ்சள். நாடு, இனம், வீரம் என்று எதையும் அவர் கொடிக்குள் வைக்கவில்லை. எல்லா மனிதருக்கும் உள்ளே பொதுவாக இருக்கிற ஒன்றை எடுத்து வெளியே ஏற்றினார். மூச்சைச் சங்கிலியாக்கியவர், நாடியைக் கொடியாக்கினார்.

அந்த ஆண்டின் கார்த்திகையில், தன் அறைக்குள் எரிந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, இனி இதை வழிபடுங்கள் என்றார். அந்த விளக்கு இன்றும் அங்கே எரிகிறது. 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, தைப்பூச இரவில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஆங்கில அரசின் அதிகாரிகள் வந்து பார்த்ததும், அறை வெறுமையாக இருந்ததும் அன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1906-ல் பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியிலும் அவர் அறைக்குள் சென்றதும் திரும்பி வராததும் பதிவாகியிருக்கின்றன. தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள், வள்ளலார் பயன்படுத்திய பொருள்கள் அடங்கிய பேழையைப் பல்லக்கில் வைத்துக் கருங்குழி வழியாக மேட்டுக்குப்பத்துக்குத் தூக்கி வருகிறார்கள். அன்றுதான் அந்த அறையைக் காணும் திருஅறை தரிசனம். வடலூரின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே வருகிறவர்கள் குறைவு.

நெரிசல் வேண்டாதவர்கள் மாதப் பூசத்தில் போகலாம். அன்று இரவு 7.45 மணிக்கு மேல் ஜோதி காட்டுகிறார்கள். கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், கும்பகோணம் என்று நாலு பக்கமிருந்தும் பேருந்து உண்டு. விருத்தாசலம் – கடலூர் ரயில் பாதையில் வடலூர் ஒரு நிலையம். காலையிலேயே போய்விட்டால் மேட்டுக்குப்பத்தையும் கருங்குழியையும் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். மத்தியானத்துக்குத் தருமச்சாலைக்கு வந்துவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு அடுப்பைப் பார்க்கக் கேட்டால் காட்டுவார்கள். சாயங்காலம் பெருவெளியைக் குறுக்காக நடந்து கடந்து, வெளிச்சம் இருக்கும்போதே சங்கிலியின் கண்ணிகளைக் கொஞ்ச தூரமாவது எண்ணிப் பார்த்துவிட்டுச் சபைக்குப் போனால், அவர் கட்டிய வரிசையிலேயே பார்த்ததாக இருக்கும். தருமச்சாலையில் மூன்று வேளையும் பந்தி நடக்கிறது. சீட்டு வாங்க வேண்டியதில்லை.